கென்ஜிக்குத் திருப்பிக் குனிந்தது

வியாழன், இரவு

சனிக்கிழமை ஆட்டத்தில் நான் இல்லை. பயிற்சி முடிந்ததும் ஹென்டர்சன் மைதானத்தில் கென்ஜி எல்லார் முன்னாலும் பெயர்களை வாசித்தான். ஜப்பானில் உதைபந்தாட்டத்தையே தொழிலாக ஆடியவன். போன வருடம்வரை இங்கே எனக்குப் பின்னால் நின்று கோலைக் காத்தான். இப்போது எங்கள் மனேஜர்.

வாசித்துவிட்டு நேரே என்னிடம் வந்து, ஜப்பானியர் மன்னிப்புக் கேட்பதுபோல இடுப்பு வளையக் குனிந்தான். ஏன் என்று கேட்க வாய் வரை வந்தது. ஆனால் அவனோடு பழகிய பழக்கத்தில் நானும் குனிந்துவிட்டேன், அவனைவிடத் தாழ. பொடியன்கள் கை தட்டினார்கள். கென்ஜி ஆட்டத்தை விட்ட அன்றும் அவன் மைதானத்தைப் பார்த்து இப்படித்தான் குனிந்தான், நாங்கள் இப்படித்தான் கை தட்டினோம். நானும் விடைபெறுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவி ரஜனியிடம் சொன்னேன்.

"நீங்கள் ஒண்டுமே கேக்கேல்லையோ?"

"இல்லை. குனிஞ்சனான்."

"பிறகென்னத்துக்கு இப்ப என்னோட கோவிக்கிறியள்?" என்று எழும்பிப் போய்விட்டாள்.

சற்றுமுன் கென்ஜியின் செய்தி. சனிக்கிழமை வழமைபோலக் காரில் வந்து ஏற்றவா என்று கேட்கிறான். ஓம் என்று அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்து மறுபடி அழித்தேன்.

இன்னும் பதில் போடவில்லை. ஆனால் சப்பாத்தின் சேற்றை மட்டும் கழுவி வைத்துவிட்டுத்தான் படுக்க வந்திருக்கிறேன்.