அப்பா சொன்ன கொம்பியூட்டர் கிளாஸ்

என்ர ஆசை அப்பாவுக்கு,

அங்கையும் தேத்தண்ணிக்குச் சீனி அள்ளிப் போடுறீங்களா? அதட்ட நான் பக்கத்தில இல்லையெண்ட துணிவு உங்களுக்கு.

உங்கட மகன் நிரோவைப் பற்றித்தான் எழுதுறன். அவனுக்கு அரசாங்கத்தில நல்ல வேலை ஒண்டு சரிவந்தது. ஆனா செக்கியூரிட்டி கிளியரன்ஸ் கிடைச்சாத்தான் சேரலாம். ஆளைப் பற்றித் துருவித் துருவி விசாரிப்பினம், குடியைப் பற்றியும் கேப்பினம்.

வாயைத் திறக்காதை எண்டுதான் அம்மா புத்தி சொன்னவ. அவன் கேக்கேல்லை. முந்திக் குடிச்சதையும், குடியை விட நினைக்கிறவை கூடிக் கதைக்கிற கூட்டங்களுக்குப் போய்க் குடியை விட்டதையும், இப்பவும் போறதையும் அதிகாரியிட்ட ஒளிக்காமல் சொல்லிப்போட்டான். எனக்குப் பயம் பிடிச்சது. ஆனாலும் பெருமையா இருந்தது.

சிக்கல் எங்கையிருந்து வந்தது தெரியுமே? உங்களிட்டயிருந்துதான்.

முந்தி வோபர்ன் வீட்டில இருக்கேக்கை நீங்கள்தானே கிழமைக்கிழமை அவனைக் கூட்டத்தில இறக்கிவிட்டிட்டு, முடியுமட்டும் குளிருக்கை காருக்குள்ள இருந்தனீங்கள். கேட்ட சனத்துக்கெல்லாம் கொம்பியூட்டர் கிளாஸ் எண்டு சொன்னீங்கள். மானம் போயிடுமெண்ட பயம். இப்ப நிரோ, தன்னைத் தெரிஞ்ச ஆளெண்டு அப்ப பக்கத்துவீட்டில இருந்த சிவம் அங்கிளின்ர பேரைக் குடுத்திருக்கிறான். அதிகாரி கேக்க அங்கிள் சொன்னது என்ன? பெடியன் குடியே தொட்டதில்லை, தேப்பன் கிழமைக்கிழமை கொம்பியூட்டர் கிளாசுக்குக் கூட்டிக்கொண்டு போறவர் எண்டு. நல்ல வடிவா மாட்டிவிட்டார் மனிசன்!

இரண்டு கதையும் பொருந்தேல்லை. அதிகாரி நிரோவைத் திருப்பிக் கூப்பிட்டார். குடிச்சு விட்டவையும் இங்கை வேலை செய்யினம், மறைக்கிற ஆளைத்தான் மற்றவன் அதைச் சொல்லி வெருட்டி வேலை வாங்கலாம், அதுதான் தங்களுக்கு யோசனை எண்டாராம். நிரோ இடிஞ்சுபோய் வந்தான். திரும்பக் குடிச்சிடுவானோ எண்டு நான் பயந்து செத்தன். அவன் கூட்டத்துக்குப் போட்டு வந்து, அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கிள் வீட்டை போனான்.

அவன் எல்லாத்தையும் சொல்லி முடிக்க, அங்கிள் அவனைப் பக்கத்தில இருத்திச் சொன்னார்:

"எனக்கு அப்பவே தெரியும் தம்பி. வெளியில விடமாட்டன் எண்டு உன்ர அப்பாவுக்கு வாக்குக் குடுத்தனான்."

ஏனப்பா எங்களுக்குச் சொல்லேல்லை? அத்தினை வருசமும் மனம் விட்டுக் கதைக்க உங்களுக்கும் ஒராள் இருந்திருக்கிறார் எண்டு நினைக்க எனக்கு அழுகை வந்திட்டுது.

"அப்பா இருந்தா, இப்ப சொல்லு சிவம் எண்டுதான் சொல்லுவார்," எண்டான் நிரோ.

அங்கிள் விடிய எழும்பினவுடன தானே அதிகாரிக்குப் போன் எடுத்தார். குடிச்சதும் கண்டனான், விட்டதும் கண்டனான், இந்தப் பெடியனை நம்பலாம் எண்டு சொன்னாராம்.

கிளியரன்ஸ் போன கிழமை கிடைச்சிட்டுது அப்பா! அம்மா சாமிப்படத்துக்கு விளக்குக் கொளுத்திப்போட்டு, உங்கட துவசத்துக்கு வாற சனத்துக்கு நிரோவைப் பற்றி என்னத்தைச் சொல்லுறது எண்டு என்னைக் கேக்கிறா. உள்ளதைச் சொல்லுவம் எண்டன்.

இந்த வியாழன் கூட்டத்துக்குக் குடும்பமும் வரலாமாம். உங்களை மாதிரி நான் காருக்குள்ள இருக்கமாட்டன். உள்ளுக்குப் போய் அவனுக்குப் பக்கத்தில இருப்பன். இது சத்தியம்.

உங்கட மூத்தவள்,
நிரோவின்ர அக்கா,
வதனி