ஞாயிறு நான்கு மணிச் சந்தை

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வரும் வழியில் மீன் வாங்கினோம். வஞ்சிரம் இல்லை, மத்திதான். நான்கு மணிக்குச் சந்தை திறந்தது. அறுபத்தொரு பேர் வந்திருந்தார்கள். நான்கு பன்னிரண்டுக்கு எல்லாம் நின்றுபோனது.

பர்னபாஸ் என்றாவது இந்த நோட்டைப் படித்தால் புரியட்டும் என்று எழுதி வைக்கிறேன். கட்டிய கணவருக்கே இது என்ன வேலை என்று தெரியாது. ‘நீர்வழி’ என்ற ஆன்லைன் ஆட்டத்தை நடத்திய கம்பெனி ஆறு வருடம் முன்பு கடையைக் கட்டிவிட்டது. அநாதையாய்க் கிடந்ததை நானும் டேவிஸும் ஜடையனும் எடுத்து, வாடகை சர்வரில் ஓட்டுகிறோம். சம்பளம் கிடையாது. நூற்று நாற்பது பேர் அதில் வீடு கட்டி, தோணி விட்டு, ஞாயிறு நான்கு மணிக்குச் சந்தை கூடுகிறார்கள். எனக்கு மட்டும் அங்கே வீடில்லை. காவல் காக்கவே நேரம் சரியாக இருக்கிறது.

யாரோ லட்சக்கணக்கில் பொய் அழைப்புகளை ஒரே சமயத்தில் அனுப்பி வாசலை அடைக்கிறார்கள். ஜனவரியில் இரண்டு தடவை, இது மூன்றாவது. எல்லாமே சந்தை நேரத்தில்.

பிப்ரவரி 10, திங்கள்

சர்வரின் இணைய முகவரியை மாற்றினேன். சர்வருக்கு முன்னால் ஒரு காவல் சேவை நிற்கிறது. ஆட்டக்காரர்கள் அதன் வழியாகத்தான் உள்ளே வருவார்கள். பின்னாலிருக்கும் உண்மையான முகவரி எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும். அடிப்பவன் காவலைச் சுற்றிக்கொண்டு நேரே அங்கேதான் அடிக்கிறான். ஒவ்வொரு தடவையும் மாற்றுகிறோம், ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிக்கிறான். எப்படி?

பிப்ரவரி 16, ஞாயிறு

நான்கு ஐந்துக்கு விழுந்தது. புது முகவரிக்கு ஆயுள் ஆறு நாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர்களிடமிருந்து கடிதம். எங்களால் அக்கம்பக்கத்து வாடிக்கையாளர்களுக்கும் தொல்லையாம். இன்னொரு தாக்குதல் வந்தால் மூடிவிடுவார்களாம். மிகவும் மரியாதையான ஆங்கிலம்.

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கப் பழைய நோயாளிகளின் கோப்புகளுக்கு எண் போட்டேன். சாப்பாட்டு நேரத்தில் டேவிஸ் கூப்பிட்டான். கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்பவன்; ‘விடு’ என்பதைக் கன்னடத்தில் ‘பிடு’ என்பான். “அக்கா, மூணு பேருக்குத்தானே தெரியும். நானில்ல, நீங்களில்ல. மத்தத நான் சொல்லல, பிடு.”

சொல்லாமலே சொல்லிவிட்டான்.

பிப்ரவரி 19, புதன்

ஜடையனைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். கௌதள்ளியில் உரக்கடை வைத்திருக்கிறார். நீர்வழியின் பாலங்களும் படித்துறைகளும் அவர் கைவேலை. டிசம்பரில் எனக்கும் அவருக்கும் மனத்தாங்கல். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் பிறந்தநாளன்று காலை ஆறு மணிக்கு சர்வரிலிருந்து ஒரு வாழ்த்து மெயில் போகும். அந்த வருடம் அவர் ஆட்டத்தில் என்ன கட்டினார் என்று ஒரு வரி அதில் இருக்கும். நான் ஆரம்பித்த வழக்கம். ஒன்றுமே கட்டாதவர்களுக்கு, ‘இன்னும் வீடு கட்டவில்லையே, வாருங்கள்’ என்று போகும். எழுதி வைத்த அன்று எனக்கே என்மேல் பிரியம் வந்தது.

“நம்ம மிசினு எதுக்குங்க மேடம் ஊருக்கெல்லாம் மெயில் போட்டுக்கிட்டு? நிறுத்திப்போடுங்க” என்றார் அவர். மனுஷருக்கு மனுஷர் ஒரு வார்த்தை சொல்வதுகூட உங்களுக்குச் சுமையா என்று கேட்டு, போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை. அடுத்த மாதமே தாக்குதல் ஆரம்பம்.

பிப்ரவரி 20, வியாழன்

சர்வருக்குள் நுழைய ஜடையனுக்குக் கொடுத்திருந்த சாவியை ரத்து செய்தேன். முகவரியையும் மாற்றினேன். ‘பாதுகாப்புக் காரணங்களுக்காக’ என்று அவருக்கு ஒரு வரி அனுப்பினேன். மிகவும் மரியாதையான தமிழ்.

பதில்: “சரிங்க மேடம்.”

பர்னபாஸ் சாப்பிட்டபடியே கேட்டார், “அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?” கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுதானே சொல்வார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சந்தை முழுதாக நடந்தது.

மார்ச் 2, ஞாயிறு

இன்றும். எழுபது பேர். டேவிஸ், “நோடு அக்கா, ஆச்சா?” என்று அனுப்பினான். பாருங்கள், சரியாயிற்றா என்கிறான்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு அலுவலகம். தவக்காலத்துக்கு இனிப்பை விடலாம் என்று முடிவு. ஜடையனைப் பற்றி நினைத்தது சரிதான் என்று தோன்றுகிறது. சரியாக இருப்பதில் சந்தோஷம் இருக்க வேண்டாமா? இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

4.09. விழுந்தது.

அவருக்கு இந்த முகவரி தெரியாதே.

மார்ச் 10, திங்கள்

சொன்னபடி மூடிவிட்டார்கள். நீர்வழி இப்போது என் மேசை டிராயரில், ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. பாலம், படித்துறை, நூற்று நாற்பது வீடு, எல்லாம்.

மார்ச் 13, வியாழன்

சாயங்காலம் டேவிஸ் வீட்டுக்கு வந்தான். என்ன வெளியே போகிறது, எந்த வழியாகப் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்குக்கூட நாங்கள் போனில்தான் சரிசெய்து கொடுப்போம். வெளியே எதுவுமே போவதில்லை என்று நான் அடித்துச் சொன்னேன். அவன் சும்மா தன் மெயிலைத் திறந்தான். மார்ச் 6 அவன் பிறந்தநாள். என் வாழ்த்து வந்திருந்தது. யாரும் பிரித்துப் பார்க்காத தலைப்புப் பகுதியைப் பிரித்தான். தபால் முத்திரை மாதிரி, எங்கிருந்து புறப்பட்டது என்று அதில் இருந்தது. எங்கள் ரகசிய முகவரி, எண் பிசகாமல்.

அய்யோ. நானேதான். நானேதான் கொடுத்திருக்கேன், ஒவ்வொரு தடவையும், வாழ்த்துச் சொல்லி!

பட்டியலைத் தேடினோம். டிசம்பர் கடைசியில் இருபத்துநான்கு கணக்குகள் ஒரே நாளில் திறக்கப்பட்டிருக்கின்றன. ஒருமுறைகூட ஆட வந்ததில்லை. பிறந்தநாள்கள் ஒவ்வொரு மாதமும் எட்டாம் தேதி, பதினைந்தாம் தேதி. பிப்ரவரி 20-இல் மாற்றிய முகவரி மார்ச் எட்டு வரை அவர்களுக்குப் போகவில்லை; அதுதான் இரண்டு ஞாயிறு சும்மா இருந்தது. அந்த இரண்டு ஞாயிற்றை வைத்துத்தான் நான் ஒரு மனிதருக்குத் தீர்ப்பு எழுதினேன்.

அவற்றில் இதுவரை பிறந்தநாள் வந்த ஐந்துக்கும் என் வரி போயிருக்கிறது: ‘இன்னும் வீடு கட்டவில்லையே, வாருங்கள்.’ வந்தார்கள்.

டேவிஸ் காபியை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தான். “நானும்தானே அக்கா சொன்னேன், அவர்தான்னு.” ஆமாம். ஆனால் சாவியை எடுத்தது நான்.

மார்ச் 14, வெள்ளி

ஜடையனுக்கு போன் செய்தேன். முழுவதும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

“சரிங்க மேடம். கடையில ஆள் நிக்குது.”

மார்ச் 23, ஞாயிறு

வேறு இடத்தில் சர்வர் பிடித்துத் திறந்தோம். வாழ்த்து மெயில் நிறுத்தம். இருபத்துநான்கு கணக்குகளும் நீக்கம். சந்தைக்கு நாற்பத்தெட்டு பேர். அடி விழவில்லை. அடித்தது யார் என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் போய்விட்டது.

ஜடையனுக்குப் புதுச் சாவி அனுப்பினேன். பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது. பதில் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

யுகாதி. பக்கத்து வீட்டு சித்தம்மா ஹோளிகே, அதுதான் போளி, கொடுத்தார். தவக்காலம் என்று சொல்ல மனமில்லாமல் வாங்கி வைத்தேன், பர்னபாஸ் சாப்பிட்டார். சந்தை நடந்தது. சாவி பயன்படுத்தப்படவில்லை.

ஏப்ரல் 5, சனி

மாதேஸ்வர மலை பஸ்ஸில் கௌதள்ளி போய் வந்தேன். கடை வாசலில் யூரியா மூட்டைகள். ஆறு வருடமாகப் பேசும் மனிதரை இன்றுதான் நேரில் பார்க்கிறேன். நினைத்ததைவிட ஒல்லி.

“இவ்ளோ தூரம் எதுக்குங்க மேடம்? போன்லயே சொல்லீட்டீங்களே.”

டீ வரவழைத்தார். நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. மெயிலை ஏன் நிறுத்தச் சொன்னீர்கள் என்று விளக்கியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரிந்தது.

“சொல்ல உட்டீங்களாங்க?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒருவர் வந்து பூச்சிமருந்து கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். “சாவிய எடுத்தது பெருசில்லீங்க. என்னையொரு வார்த்தை கேட்டிருந்தா இல்லீங்கன்னு சொல்லியிருப்பனுங்க. அதச் சொல்லத்தான் எனக்கு எடமில்லாமப் போச்சு.”

பஸ்ஸில் ஹனூர்வரை அழுதேன். பிறகு கூட்டம் ஏறிவிட்டது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். சந்தைக்கு எழுபத்துநான்கு பேர். கிழக்குப் பாலத்தில் ஒரு பலகை காணவில்லை. தோணிக்காரர்கள் புகார் சொல்கிறார்கள். டேவிஸுக்கும் எனக்கும் சரிசெய்யத் தெரியவில்லை. சாவி பயன்படுத்தப்படவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

பயன்படுத்தப்படவில்லை. இனி பார்ப்பதில்லை என்று முடிவு.

மே 4, ஞாயிறு

பார்த்தேன். சாவி: காலை 6.00, ஜடையன்.

இன்று என் பிறந்தநாள், நாற்பத்தைந்து வயது ஆகிறது. பூசைக்குப் போகுமுன் ஆட்டத்தைத் திறந்தேன். கிழக்குப் பாலம் முழுதாக இருந்தது. சந்தை வாசலில் புதிதாக ஒரு அறிவிப்புப் பலகை. இனி பிறந்தநாள் வாழ்த்தெல்லாம் அதில்தான் வரும் போலிருக்கிறது. கீழே சிறிய எழுத்தில் ‘வெளியே ஒன்றும் போகாதுங்க’ என்று இருந்தது. முதல் பெயர் என்னுடையது.

‘நிம்மி மேடம் இன்னும் வீடு கட்டவில்லையே, வாருங்கள்.’

பாலத்துக்கு இந்தப் பக்கம், படித்துறையை ஒட்டி, நான்கு முளை அடித்துக் கயிறு கட்டி ஒரு மனை விட்டிருந்தார்.