சின்ன சிலிண்டரே போதும் என்று சொல்லிவிட்டேன்

இன்னாங்க, உங்களைத்தான்.

பேர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. இப்படிக் கூப்பிட்டால்தான் நீங்களும் திரும்பிப் பார்ப்பீர்கள். நீங்கள் போய் ஒரு கல்லறைத் திருநாள் முடிந்து, இதோ அடுத்ததும் வரப்போகிறது. அதற்குள் உங்களிடம் சொல்லியே தீர வேண்டிய சமாச்சாரம் ஒன்று இருக்கிறது. நான் துப்பாக்கி வாங்கிவிட்டேன்.

சிரிக்காதீர்கள். லைசென்ஸ் வேண்டாத காற்றுத் துப்பாக்கிதான். ஆனால் நம்முடைய பழசு மாதிரி ஸ்பிரிங் வைத்தது இல்லை. குழலுக்கு அடியில் ஒரு சிலிண்டர் இருக்கும். அதில் முன்கூட்டியே காற்றை அடைத்து வைத்துக்கொண்டு, அந்தக் காற்றிலேயே வரிசையாகச் சுட்டுக்கொண்டு போகலாம். பி.சி.பி. என்கிறார்கள்.

பழசு பீரோ மேலேதான் கிடக்கிறது, யாருக்கும் கொடுக்கவில்லை. அதில் ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுத்து மாட்ட வேண்டும். கார்மெண்ட்ஸில் குனிந்து தைத்தே தேய்ந்த என் தோளுக்கு அது என்றைக்கும் ஆனதில்லை. அதனால்தானே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ராபர்ட்சன்பேட்டையில் துப்பாக்கி சுடுகிற ரேஞ்சுக்குப் போனால், நீங்கள் என் இடது பக்கம் நின்று மடக்கி மடக்கிக் கொடுத்தீர்கள். சுரங்கத்தில் டிரில் மிஷின் பிடித்த கைக்கு அது ஒரு வேலையே இல்லை. நான் வாங்கிச் சுடுவேன், திருப்பி உங்களிடம் நீட்டுவேன். நீங்கள் சுட்டால் குண்டு குறி அட்டைப் பக்கமே போகாது என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன பிறகு ஒரே ஒரு ஞாயிறு போனேன். ரேஞ்சு நடத்துகிற மஞ்சுநாத் தங்கமான மனுஷன். "கொடுங்க மேடம், நான் மடக்கித் தர்றேன்" என்று கையை நீட்டினார். எனக்கு ஏனோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "வேணாங்க, தலை வலிக்குது" என்று சொல்லிவிட்டு, ஒரு குண்டு கூடச் சுடாமல் ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன். இன்னொருவர் அங்கே நின்று மடக்கிக் கொடுத்து நான் சுடுவதா? அதற்குப் பதில் சுடுவதையே விட்டுவிடலாம் என்று தோன்றியது. பல மாதம் விட்டும்விட்டேன்.

ஆனால் விட்டுவிட்டு என்ன செய்வது, சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? சாம்பியன் ரீப்ஸில் காற்றடித்தால் தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டுப் புழுதி வீட்டுக்குள் வரும். அதைத் துடைப்பேன், மறுபடி வரும், மறுபடி துடைப்பேன். ஒரு நாள் துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டே முடிவு செய்தேன், யாரும் மடக்கித் தர வேண்டாத துப்பாக்கி ஒன்று வாங்குவதென்று.

பணம் அளவாகத்தான் இருந்தது. கேட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெரிய சிலிண்டர் வாங்கு, ஒரு தடவை நிரப்பினால் நாள் முழுக்க வரும் என்றார் ஒருவர். செகண்ட் ஹேண்டில் தொலைநோக்கியோடு சல்லிசாக வருகிறது என்றார் இன்னொருவர். போய்ப் பார்த்தேன். சிலிண்டர் எந்த வருஷத்தது என்று கேட்டால் விற்கிறவருக்கே தெரியவில்லை. தேதி தெரியாத சிலிண்டரில் அவ்வளவு காற்றை அடைத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கு என்ன தலையெழுத்தா?

கடைசியில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய்வந்த அதே ரயிலில் பெங்களூர் போய்க் கடையில் ஏறினேன். கடைக்காரர் வாசலிலிருந்தே பெரிய சிலிண்டர் புராணம் பாட ஆரம்பித்தார். "துப்பாக்கி கிடக்கட்டும். காத்து அடிக்கிற பம்பைக் காட்டுங்க" என்றேன். சைக்கிள் பம்பு மாதிரி நின்றுகொண்டு அடிக்கிறதுதான். முந்தானையைச் செருகிக்கொண்டு அடித்துப் பார்த்தேன். பாதி வரைக்கும் அழுத்தம் காட்டுகிற முள் நன்றாக ஏறியது. அதற்கு மேல் என் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டாலும் கைப்பிடி இறங்கமாட்டேன் என்கிறது.

"வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் அடிச்சுக் கொடுப்பாங்க மேடம்" என்றார்.

"வீட்ல ஆம்பளை இல்ல. நான் எவ்ளோ அடிக்க முடியுதோ அவ்ளோ காத்துல ஓடுற துப்பாக்கி எது, அதைக் காட்டுங்க."

அந்த மனுஷன் உள்ளே போய், நான் ஏற்றிய பாதி முள்ளிலேயே ஓடுகிற, சின்ன சிலிண்டர் வைத்த ஒன்றை எடுத்துவந்தார். "இதுல சீக்கிரம் காத்து தீர்ந்துடும் மேடம்" என்றார். தீர்ந்தால் திரும்ப அடித்துக்கொள்கிறேன். பத்து மீட்டரில் இருக்கிற காகித அட்டைக்கு என்ன பீரங்கியா வேண்டும்? சின்ன சிலிண்டரே போதும் என்று சொல்லிவிட்டேன். மிச்சப் பணம் பம்புக்குச் சரியாக இருந்தது.

இனிமேல்தான் உங்கள் தம்பி கதை. அந்த வாரமே அருள் வீட்டுக்கு வந்தார். நான் முற்றத்தில் பம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றிருந்ததைப் பார்த்துவிட்டு, "நகருங்க அண்ணி, நான் அடிக்கிறேன்" என்றார். நானும் நகர்ந்தேன். பழக்கம். அவருக்குத் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனேன். வந்து பார்த்தால் பம்பு டியூபைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டிருக்கிறார். என் தையல் மிஷின் வாசனை அடித்தது.

"அருளு, இன்னா ஊத்துன அதுல?"

"மிஷின் ஆயில்தான் அண்ணி. கிறீச்கிறீச்னு கத்துது பாருங்க. ரெண்டு சொட்டு வுட்டேன்."

"பம்ப்ல இருந்து கைய எடு. எடுன்னா எடு."

நல்லவேளை, இன்னும் ஒரு அடிகூட அடித்திருக்கவில்லை. எண்ணெய் ஆகவே ஆகாது என்று பெட்டிக்குள் இருந்த தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இரண்டு பேருமாகப் பம்பைத் தூக்கிக்கொண்டு மஞ்சுநாத்திடம் போனோம். அவர் முகம் வெளுத்துவிட்டது. காற்றை அவ்வளவு நெருக்கினால் உள்ளே சூடேறும், அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டு வெடிக்கும், டீசல் என்ஜினுக்குள் நடப்பதும் அதுதான் என்றார். பம்பை முழுக்கப் பிரித்துக் கழுவி, ரப்பர் வளையங்களை மாற்றி, அதற்கென்று இருக்கிற சிலிக்கான் பசையைத் தடவிக் கொடுத்தார்.

அருளுக்கு முகம் செத்துவிட்டது. "சுரங்க ஷாஃப்ட்ல டிரில் மிஷின் காத்து லைனுக்கு ஆயில் வுடாம மிஷினை ஓட்டினா மேஸ்திரி வுடுவாரா அண்ணி? மொத நாள் கத்துக் கொடுத்ததே அதுதான்" என்றார். "அண்டர்கிரவுண்ட்ல காத்து அழுத்தம் ஏழெட்டு பார் இருந்தாலே பெரிசு சார். இது அதைப்போல எத்தனையோ மடங்கு" என்றார் மஞ்சுநாத். அருள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், நல்லது செய்யத்தான் வந்தார். இரண்டு நாள் என்னிடம் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் வாழைத்தாரோடு வந்தார்.

எனக்குத் தூக்கம் போனது அருளால் இல்லை. நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் அதையேதான் செய்திருப்பீர்கள். அதே மிஷின், அதே மேஸ்திரி. அருள் என்பதால் என்ன ஊற்றினாய் என்று கேட்டேன். உங்களைக் கேட்டிருப்பேனா? நீங்கள் கையை வைத்தால் அந்த வேலை முடிந்தது என்று அடுப்படிக்குப் போயிருப்பேன். இத்தனை வருஷம் அப்படித்தானே இருந்தேன்?

போன ஞாயிறு நானே நிரப்பினேன். கொஞ்ச நேரம் அடிப்பது, பம்பு ஆறுகிறவரை உட்கார்ந்து ஜெபமாலை சொல்வது, எழுந்து மறுபடி அடிப்பது. மாதாவுக்கே அலுத்திருக்கும். ஆனால் முள் நான் கேட்ட இடத்துக்கு வந்து நின்றது.

ரேஞ்சில் முதல் குண்டைச் சுட்டதும் கை தன்னால் துப்பாக்கியை இடது பக்கம் நீட்டிவிட்டது. வாங்க ஆள் இல்லை. மஞ்சுநாத் பார்க்காத மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானே அடுத்த குண்டுக்குப் போல்ட்டை இழுத்தேன். இரண்டு விரல் போதும், அவ்வளவு லேசு. அப்புறம் யாரிடமும் நீட்டாமல் காற்று தீரும்வரை சுட்டேன். அட்டையில் ஓட்டைகள் எல்லாம் நடுவிலே நெருக்கமாக விழுந்திருந்தன. நீங்கள் இருந்திருந்தால் சத்தம் போட்டே ரேஞ்சை இரண்டாக்கியிருப்பீர்கள்.

உங்களை அடக்கம் பண்ணின அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. கல்மனசுக்காரி என்று உங்கள் சொந்தக்காரர்கள் பேசியதும் காதில் விழுந்தது. போன ஞாயிறு வீட்டுக்கு வந்து, துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் இல்லாமல் முடியாது என்று இருந்தவரைக்கும் நீங்கள் எங்கேயோ பக்கத்தில்தான் இருந்தீர்கள். தனியாகவே முடிந்துவிட்டது பாருங்கள், அப்போதுதான் நீங்கள் போனீர்கள்.

அதற்காக நிறுத்தமாட்டேன். ஞாயிறு தவறாமல் போவேன். தெம்பு இருக்கிறவரை என் காற்றை நானே அடித்துக்கொள்வேன். தெம்பு போனால் அருளைக் கூப்பிடுவேன், ஆனால் தண்ணீர் எடுக்க உள்ளே போகாமல் பக்கத்திலேயே நின்று பார்ப்பேன். என்ன ஊற்றுகிறாய் என்று இனி யாராக இருந்தாலும் கேட்பேன், இது சத்தியம். கேட்காமல் நம்பிய கை உங்களுடையது ஒன்றுதான். அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி
ரீட்டா