கடைசி இரண்டு கட்டங்கள்

மே 19, திங்கள்

வறண்ட காற்று, காலையில் கரண்ட் இல்லை. பனியன் கம்பெனியில் கட்டிங் ஆரம்பிக்கவே பத்து மணி. பாலியஸ்டர் துணி, அடுக்க அடுக்க ஒட்டிக்கொண்டது. அது உரசலில் பிறக்கும் மின்சாரம் என்று போன வருடம் எனக்கு விளக்கியவள் மகள் தர்ஷினி. இருபது வருடக் கட்டிங் மாஸ்டர், வாயைப் பிளந்து கேட்டேன்.

பிளஸ் டூ முடித்துவிட்டாள். பி.எஸ்ஸி. இயற்பியல்தான் வேண்டுமாம். மார்க் மோசமில்லை, பிரமாதமும் இல்லை. அவள் டீச்சர் போனில்: "அப்ளிகேஷன்ல அஞ்சு கட்டங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு காலேஜ், ஒரு படிப்பு போடலாம். மேல மூணு ஆசைக்கு. கீழ ரெண்டு சேஃப்டிக்கு, அவ மார்க்குக்குக் கட்டாயம் கெடைக்கற எடமாப் பாருங்க."

எது கட்டாயம் கிடைக்கும்? எங்கே பார்ப்பது? கேட்க மறந்துவிட்டேன்.

மே 21, புதன்

வெயில். ஆளுக்கொரு யோசனை. மேனேஜர்: "காஸ்ட்யூம் டிசைன் போடுங்க மாஸ்டர், நம்ம லைனு." மச்சான்: பி.காம். என் வீட்டுக்காரி சாந்தி: "ஊட்டுக்குப் பக்கத்துல இருந்தாப் போதுங்க." தலை சுற்றுகிறது.

சாயந்திரம் பிரவுசிங் சென்டர். மேலே மூன்றும் தர்ஷினி சொன்னபடி இயற்பியல். நாலாவது, ஐந்தாவது கட்டங்களுக்கு நான் சொன்னேன். பக்கத்துக் கல்லூரி. காஸ்ட்யூம் டிசைன், பி.காம். பிள்ளை முகம் வாடிவிட்டது.

"சும்மா எக்ஸ்ட்ரா பீஸ் மாதிரி கண்ணு. வேண்டாம்னா கெடந்துட்டுப் போவுது."

விண்ணப்பத்தைச் சேமித்தோம், அனுப்பவில்லை. 27 கடைசி நாள்.

தேங்காய் எண்ணெய், பல்பு வாங்கவில்லை.

மே 24, சனி

டிபன் பாக்ஸை விட்டுவிட்டு வந்தேன். தர்ஷினி கம்பெனிக்கே கொண்டுவந்தாள். கட்டிங் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்கப்பா, எக்ஸ்ட்ரா பீஸ் எதுக்கு வெட்டறீங்க?"

"தையல்ல ஒண்ணு கெட்டுப்போனா அந்த எடத்துல வெக்கறதுக்கு."

"அத வேற துணியில வெட்டுவீங்களா?"

"அதெப்படி கண்ணு. அதே ரோலு, அதே அளவு. இல்லீன்னா அது எதுக்கு ஆகும்?"

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் சிரிக்கக்கூட இல்லை. "சாப்புடுங்கப்பா, ஆறுது" என்று போய்விட்டாள். வெட்கமாக இருந்தது. மத்தியானம் ஒரு அடுக்கைக் கோணலாக விரித்துவிட்டேன்.

மே 25, ஞாயிறு

டீச்சருக்குப் போன். உடுமலைப்பேட்டையில் இயற்பியல் உண்டாம். போன வருடம் இவள் மார்க்குக்குக் கீழே இருந்தவர்களுக்கே கிடைத்ததாம்.

சாந்தி: "பெருமாநல்லூர்ல இருந்து தெனமும் பஸ்ஸா?" நியாயம்தான். இல்லாவிட்டால் ஹாஸ்டல். எனக்குப் பயம் தூரத்துக்கா, தர்ஷினி எனக்குத் தெரியாத ஒன்றைப் படிக்கப் போவதற்கா? தெரியவில்லை.

எண்ணெய் வாங்கியாயிற்று.

மே 27, செவ்வாய்

புழுக்கம். அரை நாள் லீவு. பிரவுசிங் சென்டரில் கூட்டம். காஸ்ட்யூம் டிசைனையும் பி.காமையும் நீக்கச் சொன்னேன். சென்டர்காரர்: "நல்லா யோசிச்சீங்களா?" யோசித்ததில்தான் இத்தனை குழப்பம்.

நாலாவது, உடுமலை. ஐந்தாவதுக்குத் தர்ஷினி என் முகத்தைப் பார்த்தாள்.

"இயற்பியல்தான் கண்ணு. ஊரு நீயே சொல்லு."

அவள் சொன்ன ஊர் உடுமலையைவிடத் தூரம். சரி என்றேன்.

விண்ணப்பத்தை அனுப்ப ஓ.டி.பி. எண் என் போனுக்கு வந்தது. வாசிக்கும்போது கண் கலங்கி ஒரு எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். போனைக் கையிலிருந்து வாங்கி அவளே படித்தாள்.