டீ கிளாஸோடு வெளியே போனவனுக்கு

மச்சான்,

காலையிலிருந்து வீடு முழுக்க பினாயில் வாசம். பையன் சாம்பிள் பாட்டிலைத் திறந்து கூடத்தைத் துடைத்துக் காட்டினான். சிப்காட்டில் பினாயில் தயாரிக்கிற கம்பெனியில் சேல்ஸ் வேலை. நம் ஆஸ்பத்திரி ஆர்டர் கிடைத்தால் வேலை நிரந்தரமாம். எதை வாங்குவது என்று முடிவு செய்கிற ஆஸ்பத்திரி கமிட்டியில், ஊர் சார்பில் ஓர் ஆள் என்று, பத்தாவது ஃபெயிலான நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் நீதான் இல்லை.

கமிட்டிக் கூட்டத்துக்கு நீ சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து மஞ்சக்குப்பம் வருவாய். ஒருநாள் ரத்தப் பரிசோதனையை எந்த லேபுக்குக் கொடுப்பது என்று பேச்சு. "இதுல எம் மருமவன் லேபும் இருக்கு. முடியிற வரைக்கும் நான் வெளியில நிக்கிறேன்" என்று டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாய். நான் விடுவேனா?

"ரொம்பத்தான் பண்ற மச்சான்! லேபு உன்னுதா, மருமவனுதா?"

"நான் உள்ள குந்தியிருந்தா நீங்கல்லாம் எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான்டா பேசுவீங்க. போ, போய்ப் பேசு."

லேப் வேலை வேறு ஆளுக்குப் போனது. மருமகன் பொங்கல் வரைக்கும் உன்னோடு பேசவில்லை. அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். சட்டைப் பித்தானை மட்டும் திருகிக்கொண்டே இருந்தாய்.

இன்று கூட்டத்துக்குக் கிளம்பும்போது பையன் வாசலில் மறித்தான். "எல்லாருக்கும் தெரியும்ப்பா, யாரும் ஒண்ணும் கேக்கல. சும்மா உக்காந்திருங்க, போதும்."

"அதுல ஒங்கப்பா கெட்டிக்காரருதான்" என்றாள் அவன் அம்மா உள்ளேயிருந்து. நானும் சிரித்தேன். செருப்பைத்தான் கால் மாற்றிப் போட்டேன்.

கூட்டத்தில் ஒருவர் பாட்டிலைத் திறந்து மோந்தார். வாசம் எப்படி என்று சொல்லாமல் என் மூஞ்சியைப் பார்த்தார். "நம்ம அண்ணன் பையன் கொண்டாந்ததுதானே? நல்லாத்தான் இருக்கும்."

டீ கிளாஸோடு எழுந்துவிட்டேன். "எழுதிக்குங்க சார், இது எம் பையன் கம்பெனி. நான் வெளியில நிக்கிறேன்."

வீரமெல்லாம் கதவு வரைக்கும்தான். உள்ளே யாரோ சிரித்தார்கள். காது அங்கேயே போனது. என்னையே திட்டிக்கொண்டு இன்னும் தள்ளிப் போய் நின்றேன். போன் அடித்தது.

"என்னப்பா, ஆச்சா?"

"வெளியில நிக்கிறேன்டா."

 அவன் போனை வைக்கவில்லை. கடைசியில் நான்தான் வைத்தேன்.

உனக்கு இதையெல்லாம் மனசுக்குள் எழுதிக்கொண்டே நடக்கிறேன். கதவு இன்னும் திறக்கவில்லை. அன்று டீ கிளாஸை எதற்குக் கையோடு எடுத்துப் போனாய் என்று இப்போது தெரிகிறது, மச்சான். வெளியே நிற்கிறவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருக்கிறது. டீ எப்போதோ தீர்ந்துவிட்டது. கிளாஸை நான் இன்னும் கீழே வைக்கவில்லை.