எட்மண்ட் ஐயாவின் கடைசி முறை

2 பிப்ரவரி 2007, வெள்ளி. நஜ்மா, வளைகுடா

கையெழுத்து கோணலாக இருக்கிறது. மன்னிக்கவும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? படிக்கப் போவதும் நான்தான். ‘ழ’ போடும்போது நாக்கும் சேர்ந்து வளைகிறது. அறுபது தாண்டி எழுதப் பழகினால் இப்படித்தான்.

வாரம் ஒரு பக்கம் எழுதச் சொன்னது பத்மா அம்மா. வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குத் தமிழ் சொல்லித் தருகிறவர். “யாரைப் பத்தி எழுதட்டும்?” என்றேன். “உங்களுக்குப் பிடிச்சவங்களைப் பத்தி எழுதுங்க, சோலைமுத்து ஐயா” என்றார்.

ரூமில் கூடத் தங்கியிருக்கும் காதர் மைதீன் எட்டிப் பார்த்து, “என்ன மாமா, கலெக்டர் பரீட்சையா? பாஸாயிட்டா எங்களை மறந்துறாதீக” என்றான். சிரிக்கட்டும். இந்தப் பக்கத்தை எழுதியது நான்!

9 பிப்ரவரி

எனக்குப் பிடித்தவர் எட்மண்ட் ஐயா. நான் தோட்டமும் சமையலும் பார்க்கும் வீட்டு ஹெலன் மேடத்தின் அப்பா. மேடத்தின் கணவருக்கு ராஸ் லஃபானில் கேஸ் கம்பெனி வேலை. ஐயா இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் சர்ச் சாமியாராக இருந்தவர். மனைவி இறந்ததும் மகள் இங்கே கூட்டிவந்துவிட்டார்.

காலை வெயிலில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் குடும்பக் கதை சொல்வார். நான் பாத்தி கொத்திக்கொண்டே கேட்பேன். முன்பு கட்டட சைட்டில் பழகிய இங்கிலீஷ் போதும். புரியாவிட்டால் காற்றில் விரலால் படம் வரைந்து காட்டுவார்.

பூட்டன், தாத்தா, அப்பா, இவர். நாலு தலைமுறையும் ஒரே கோயிலில். பூட்டனின் குதிரை நோயாளி இருக்கும் வீட்டு வாசலில் தானாகவே நின்றுவிடுமாம். அவர் போனபிறகு அதை வாங்கியவர், “சந்தைக்குக் கிளம்பினால் சாகக் கிடக்கிறவன் வீட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். தாத்தா தேனீ வளர்த்தவர். தேனீக் கூட்டம் பிரியும் பருவத்தில், பறந்த கூட்டத்தைப் பிடிக்க ஓட வேண்டும் என்று பிரசங்கம் சீக்கிரம் முடிந்துவிடுமாம். ஊருக்கே அந்த மாதம் பக்தி அதிகமாம்! சொல்லிவிட்டு ஐயா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

நாங்களும் பூசாரி வம்சம், அய்யனார் கோயில் என்றேன். மண் ஒட்டிய என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பங்காளி வீடுகளுக்குள் முறை மாறி வரும், இந்த வைகாசியில் எங்கள் வீட்டு முறை தொடங்குகிறது என்று விளக்கினேன்.

“அப்படியானால் நீ எப்போது போகிறாய்?”

“எப்பவும் தம்பி உமாபதிதான் பார்த்துக்குவான்” என்றேன். அவர் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

23 பிப்ரவரி

இன்று மணிக் கதை. உலக யுத்தத்தில் அந்த நாட்டுக் கோயில் மணிகள் எதையும் அடிக்கக் கூடாது என்று சர்க்கார் உத்தரவாம். எதிரி வந்து இறங்கினால் மட்டும் அடிக்க வேண்டும். ஐயா அப்போது சின்னப் பையன். மணி அடிக்காத ஞாயிற்றுக்கிழமை சாதாரண வேலை நாள் மாதிரியே இருந்தது என்றார். மறுபடி அடிக்கலாம் என்ற அன்று அப்பா கயிற்றை இவர் கையில் கொடுத்தாராம். கனமான மணி. கயிறு மேலே போனபோது இவரையும் தூக்கிக்கொண்டு போனதாம். கீழே அப்பா இவர் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். கயிற்றில் கை பிடிக்கும் இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் கம்பளி நூல் சுற்றியிருக்கும், அதன் மெத்தென்ற தன்மை இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது என்று கையை விரித்துக் காட்டினார். நானும் குனிந்து பார்த்தேன்.

9 மார்ச்

பெரிய தப்பு செய்துவிட்டேன்.

“உங்களுக்குப் பிறகு அங்கே எந்தப் பங்காளி பூசை பார்க்கிறார்?” என்று ஐயாவிடம் கேட்டேன். அங்கே பங்காளி முறை கிடையாதாம், பிஷப் ஆள் அனுப்புவாராம். பிறகு மெதுவாகச் சொன்னார்: கும்பிட வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கடைசிப் பூசை. அதோடு பூட்டிவிடுவார்கள்.

அடுக்களைக்கு வந்து மேடத்திடம், “ஐயாவுக்கு டிக்கெட் போட்டாச்சா? கடைசி முறை அவர்தானே செய்யணும்” என்றேன். எங்கள் ஊரில் இதைக் கேட்காமல் இருந்தால்தான் தப்பு.

மேடத்துக்கு விஷயமே தெரியாது. ஐயா சொல்லவில்லை. அவருக்கு இதயம் பலவீனம், விமானத்தில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். கேட்டால் மகள் சங்கடப்படுவாள் என்று மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். நான் போய்ப் போட்டு உடைச்சிட்டேனே! உள்ளே சத்தம் கேட்டது. வேலை போகுமோ என்னவோ. அதுகூடப் பரவாயில்லை. ஐயா முகத்தில் எப்படி முழிப்பேன்?

16 மார்ச்

ஐயா தோட்டத்துக்கு வரவே இல்லை. நாற்காலியை மட்டும் துடைத்து வைத்தேன்.

30 மார்ச்

மேடம் தோட்டத்துக்கு வந்தார். “முறையைத் தவறவிட்டால் உங்கள் ஊரில் என்ன ஆகும்?” என்று கேட்டார்.

சாமி கோபிக்கும் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். வந்தது வேறு. “ஒண்ணும் ஆகாது மேடம். வேற யாராவது செஞ்சிருவாங்க. நமக்குத்தான் அந்த நாள் வந்தா சோறு இறங்காது.”

மேடம் ஐயாவின் நாற்காலியைத் தொட்டார். “எனக்குப் பேர் வைத்ததும் அந்தக் கோயிலில்தான்” என்றார். மாலையில் ஐயா ஜன்னலைத் திறந்து, “பூசாரி! கம்பளிக் கோட்டை வெயிலில் போடு!” என்று கத்தினார். வேறு டாக்டரைப் பார்த்தார்களாம். மகள் கூடவே போவதென்றால் சரி என்று சொல்லிவிட்டாராம்.

20 ஏப்ரல்

அவர்கள் போய் இரண்டு வாரம். தகவல் இல்லை. வேம்பு பூத்து நாற்காலி முழுக்க உதிர்ந்து கிடக்கிறது.

11 மே, வெள்ளி

மேடம் திங்கட்கிழமையே திரும்பிவிட்டார். தனியாக.

வாசலில் பார்த்ததும் அவருக்குப் பின்னால் காருக்குள் எட்டிப் பார்த்தேன். “பயப்படாதே, நன்றாக இருக்கிறார்” என்றார். கோயிலுக்கு எதிர் வீட்டில் பழைய சிநேகிதர் ஒரு அறை கொடுத்திருக்கிறாராம். இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். கடைசிப் பூசைக்குக் கோயில் கொள்ளாத கூட்டமாம். வெளியூர் போனவர்கள் எல்லாம் வந்திருந்தார்களாம். மணியை ஐயாதான் அடித்தாராம். “இந்தத் தடவை கயிறு என்னைத் தூக்கவில்லை, ஹெலன் சமையல்காரன் போட்ட சோறு அப்படி” என்று என்னிடம் சொல்லச் சொன்னாராம்.

கூட ஒரு கேள்வியும் சொல்லி அனுப்பியிருந்தார். “பூசாரி எப்போது போகிறான்?”

இந்தத் தடவை பதில் சொன்னேன். லீவு கேட்டேன். விசா கொடுத்த முதலாளி கஃபீலிடம் மேடமே பேசினார். ஆபீஸில் வழக்கம்போல மைப்பெட்டியை என் பெருவிரலுக்கு நீட்டினார்கள். பேனா கேட்டேன். சோலைமுத்து என்று முழுசாகப் போட்டேன். பின்னால் நின்ற காதர் மைதீன், “யல்லா மாமா, பிளைட் கிளம்பிறப் போகுது” என்றான்.

தம்பிக்குப் போன் செய்தேன். “நீயா வர்றே?” என்று மூன்று தரம் கேட்டான். பிறகு, “அண்ணே, கோயில் மணி நாக்குக் கழண்டு கெடக்கு, வந்து மாட்டு” என்றான்.

ஞாயிறு விமானம். நோட்டை வேட்டிக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்தாயிற்று. அடுத்த வெள்ளி எழுதும்போது விரலில் விபூதி ஒட்டியிருக்கும். எழுத்து இன்னும் கோணலாகத்தான் வரும்.