ஆமா என்றால் அக்கா

அன்புள்ள அமா,

இன்று காலை யாங்கூன் லத்தா சந்தையில் புளித்த மூங்கில் குருத்தின் வாசனை மூக்கைப் பிடித்து நிறுத்தியது. நீதிபதி அறையில் நீங்கள் டிபன் கேரியரைத் திறந்தால் கோர்ட்டு முழுவதும் பரவும் அதே கரேன் இனத்துச் சூப் வாசனை. என் தட்டச்சு மேசை வரை வந்து, பர்மிய மரியாதைக்கு ஒரு 'கோ' சேர்த்து, "கோ முருகா, மூக்க மூடாம ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்பீர்கள். மூன்றாம் நாளே நான் கிண்ணத்தோடு வந்து நின்றேன்.

நீங்கள் இறந்துபோய் ஒரு வருடமாகிறது. உங்களை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் சிரிப்புதான் வருகிறது. எல்லாம் அந்த சைக்கிள் வழக்கால்.

த்வாண்டே ஊர்ப் பக்கத்து வயல்காட்டுப் பெரியவர் மாணிக்கம், சைக்கிள் திருடியதாகக் கூண்டில் நின்றார். பேரம் பேசும் அளவுக்கு அவரிடம் பர்மியம் இருந்தது, கோர்ட்டுப் பர்மியம் இல்லை. எடுத்தாயா என்று கேட்டால் "ஹொக்கே", குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்றாலும் "ஹொக்கே". ஆமாம், சரி என்று பணிவாகச் சொல்லும் அந்த ஒரே பர்மிய வார்த்தையால் அவர் சிறைக்குப் போகவிருந்தார். குமாஸ்தா எழுதி முடித்து, உங்கள் கையெழுத்துக்குத் தாளை நீட்டிவிட்டார்.

நீங்கள் பேனாவை மூடினீர்கள். "பெரியவரே, யாங்கூன் ஆத்தையும் நீங்கதான் எடுத்துட்டுப் போனீங்களா?"

"ஹொக்கே, ஹொக்கே!"

கோர்ட்டே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. என்னை எழுப்பித் தமிழில் கேட்கச் சொன்னீர்கள்.

"எடுக்கிறதாவது! அது என் சைக்கிளு தம்பி!"

"உங்களோடதா?"

"ஆமா! ஆமா! ஆமா!" என்று உங்களைப் பார்த்துக் கும்பிட்டார். குமாஸ்தா துள்ளி எழுந்தார். "நீதிபதி அம்மாவ அக்கான்னு கூப்புடுறான்!" பர்மியத்தில் அமா என்றால் அக்காதானே. விஷயத்தை நான் சொன்னதும் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். "எழுபது வயசுக்காரரு என்னை அக்காங்கறாரே, அவ்வளவு கெழவியாவா தெரியுறேன்?"

சைக்கிள் சீட்டுக்கு அடியில் மகள் பெயரைக் கீறி வைத்திருப்பதாக அவர் சொன்னார். கொண்டுவந்து கவிழ்த்தோம். துருவுக்கு நடுவே 'செல்வி' என்று தமிழில் இருந்தது. அன்று மாலை பெரியவர் அதே சைக்கிளில் வீட்டுக்குப் போனார்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "ஆறு வயசுல எங்க கரேன் ஊர்லேர்ந்து பர்மியப் பள்ளிக்கூடம் போனேன். புரிஞ்சுதான்னு வாத்தியார் கேட்டா நானும் ஹொக்கேதான். ஒரு எழவும் புரியாது. அடிக்காதீங்கன்னு அர்த்தம்." அன்றிலிருந்து கோர்ட்டுக்கு வெளியே நீங்கள் எனக்கு அமா.

பிறகு வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றீர்கள். யாங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் எங்கள் தெருவுக்கு வந்தபோது உங்களுக்குத் தெரிந்த தமிழ் ஒரே வார்த்தை. சாக்கடை சரியாகுமா என்றார்கள். "ஆமா!" கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. எங்கள் எல்லோருக்கும் குடியுரிமை அடையாள அட்டை கிடைக்குமா என்று ஒரு பெண் கேட்டாள். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "இதுக்கு ஆமான்னா பொய்யாயிடும். முயற்சி பண்றேன்னு தமிழ்ல எப்படிச் சொல்றது?" நான் கூட்டத்துக்கு நடுவில் வகுப்பெடுக்க, நீங்கள் "மொயச்சி" என்றீர்கள். தெருவே உங்களுக்கு ஓட்டுப் போட்டது.

ஒவ்வொரு கோர்ட்டிலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அது நிறைவேறுவதற்குள் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அந்தச் சபையே இல்லாமல் போனது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அமா.

ஆனால் ஒன்று கேளுங்கள். போன வாரம் பக்கத்து வீட்டுப் பாக்கியத்தம்மாளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தேன். டாக்டர் வேகமாக ஏதோ கேட்க, அந்தம்மாள் "ஹொக்கே" என்று தலையாட்டினார். டாக்டர் கையெழுத்துக்குத் தாளை எடுத்தார். நான் குறுக்கே கையை நீட்டிவிட்டேன்.

"பாக்கியத்தம்மா, டாக்டர் என்ன கேட்டாரு, சொல்லுங்க?"

"சாப்புட்டியான்னு கேக்குறாரு."

அவர் கேட்டது, சர்க்கரைப் புண் வந்த கால்விரலை வெட்டி எடுக்கலாமா என்று. நான் தமிழில் பொறுமையாகச் சொன்னேன். அந்தம்மாள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரை நேராகப் பார்த்து, "எம் மவ வரட்டும். அவகிட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்றார். நான் அதைப் பர்மியத்தில் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.